வாடகை வீட்டுச் சட்டம்: வீட்டு உரிமையாளர் அஞ்சத்தான் வேண்டுமா?



வாடகை வீட்டைப் பற்றி எழுத ஓர் ஆசிரியனுக்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நிறையவே இருக்கிறது. ஆசிரியர் அறையில் அமர்ந்திருப்போரில் பலர் ஏதோ ஒரு காலத்தில் பணிமாற்றம் பெற்று, அறியாத ஊரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள். இன்னும் சிலர் ஓய்வுக்காலத்துக்கு உதவும் என்று இரண்டாவதாக ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கி, அதை வாடகைக்கு விட்டிருப்பவர்கள். இரண்டு நிலையையும் பார்த்துவிட்டவர்களும் உண்டு. பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவரப் போவதாக வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு 2019ஆம் ஆண்டு முதற்கொண்டு பேசி வந்திருக்கிறது. அமைச்சர்கள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின. நாடாளுமன்றத்துக்கு வரும் என்று சொல்லப்பட்ட காலமும் பலமுறை தள்ளிப் போனது. இச்செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம் வீடு வைத்திருப்போரிடையே ஒரு கலக்கம் எழுவதைக் கண்டிருக்கிறேன். "இந்தச் சட்டம் வந்தால் வாடகை கொடுக்காதவனை வீட்டை விட்டு எழுப்பவே முடியாது. வீட்டை விற்றுவிடுவதே மேல்" என்பார்கள்.

என் கருத்து இதற்கு நேர்மாறானது. ஒரு வீடோ இரண்டு வீடோ வைத்திருக்கும் எளிய உரிமையாளருக்கு, இப்போதுள்ள நிலையைவிட முறையான ஒரு வாடகைச் சட்டமே பாதுகாப்பு. ஆனால், அச்சட்டத்தில் இரண்டு பகுதிகள் பிரியாமல் இருக்க வேண்டும். அவை எவை என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் உரிமையாளரின் துன்பத்தைப் பார்ப்போம். அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

மாதம் 1,000 ரிங்கிட்டுக்கு வீட்டை விடுகிறார் ஒருவர். நம் நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், மின்சாரம், தண்ணீருக்காக அரை மாத வாடகையையும் வாங்கிக்கொள்கிறார். ஆக 2,500 ரிங்கிட். நான்காம் மாதத்தில் வாடகை நின்றுவிடுகிறது. "அடுத்த வாரம் சார்", "சம்பளம் வரட்டும் அண்ணே" என்று மூன்று மாதங்கள் ஓடிவிட்டால் பாக்கி 3,000 ரிங்கிட். வைப்புத்தொகை முழுதும் கரைந்து, அதற்கு மேலும் கடன் நிற்கிறது. மின்சாரப் பாக்கி எவ்வளவு என்பது வீட்டைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும். இதற்கிடையில் வங்கி தன் மாதத் தவணையை மறப்பதில்லை. பராமரிப்புக் கட்டணம், மதிப்பீட்டு வரி, நில வரி எல்லாம் உரிமையாளர் தலையில்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் "இரண்டு வீட்டுக்காரர்". உண்மையிலோ அவர் இரண்டு கடன்காரர்.

இந்நிலையில் சட்டம் அவருக்கு என்ன தருகிறது? வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச்சட்டம் இல்லாததால், அவர் நான்கு பழைய சட்டங்களுக்கிடையே அலைய வேண்டியிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் ஒன்று. அதே ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டம் இன்னொன்று. அதன் 7ஆம் பிரிவு, வாடகைக் காலம் முடிந்த பின்னும் ஒருவர் வீட்டிலேயே இருந்தால் நீதிமன்றத்தின் வழியாகவே அவரை வெளியேற்றலாம், வேறு வழியில்லை என்கிறது. 1951ஆம் ஆண்டின் வாடகைப் பறிமுதல் சட்டத்தின்படி, நீதிமன்ற ஆணை பெற்று, 12 மாதம் வரையிலான பாக்கிக்கு வாடகையாளரின் பொருள்களைக் கைப்பற்றி ஏலம் விடலாம். 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டமோ, காலம் முடிந்தும் வீட்டைக் காலி செய்யாதவரிடம் இரட்டை வாடகை கோர வழிசெய்கிறது.

ஏட்டில் படிக்கும்போது இவை உரிமையாளருக்குக் கூரிய கருவிகளாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வழக்கறிஞர் வேண்டும், நீதிமன்ற நாள் வேண்டும், பொறுமை வேண்டும். 3,000 ரிங்கிட் பாக்கியை வாங்க அதைவிடக் கூடுதலாகச் செலவழிக்க எவருக்கு மனம் வரும்? பழைய நாற்காலியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஏலம் விட்டு என்ன கிடைக்கும்? இரட்டை வாடகை என்று தீர்ப்பு வந்தாலும், ஒற்றை வாடகையையே கொடுக்க முடியாதவர் இரட்டை வாடகையை எங்கிருந்து கொடுப்பார்?

ஆகவேதான் பலர் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். பூட்டை மாற்றுகிறார்கள். மின்சாரத்தை வெட்டச் சொல்கிறார்கள். சாமான்களைத் தாழ்வாரத்தில் வைக்கிறார்கள். இவை சட்டத்துக்குப் புறம்பானவை என்பது அவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. வாடகை பாக்கி வைத்தவர் வழக்குத் தொடுத்தால், பாதிக்கப்பட்ட உரிமையாளரே குற்றவாளிக் கூண்டில் நிற்பது போன்ற நிலை வந்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம்மவர்களில் பலர் வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி செலுத்துவதில்லை. "தெரிந்தவர்தானே" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அதுவும் இல்லாமல் வாய்ப்பேச்சோடு முடித்துக்கொள்வோரும் உண்டு. முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. ஆண்டுக்கு 2,400 ரிங்கிட் வரையிலான வாடகைக்கு இருந்துவந்த முத்திரை வரி விலக்கும் 2025ஆம் ஆண்டு சனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் ஒரு ரிங்கிட் என்பது கணக்கு. மாதம் 1,000 ரிங்கிட் வாடகை என்றால் ஆண்டுக்கு 12,000; முத்திரை வரி 48 ரிங்கிட். இந்த 48 ரிங்கிட்டை மிச்சப்படுத்தப் போய் 3,000 ரிங்கிட்டை இழந்தவர்களை நான் அறிவேன். வருமான வரி வாரியத்துக்கு வாடகை வருமானம் தெரிந்துவிடுமே என்ற அச்சம் சிலருக்கு. அந்த அச்சத்துக்கு நான் மருந்து சொல்ல முடியாது.

புதிய சட்டத்தின் மீதான அச்சத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. அது பினாங்கில் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதிக்கு முன்பு கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டிருந்தது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் ஆயிரக்கணக்கில் அதற்குள் அடங்கின. விலைவாசி ஏறிக்கொண்டே போக, வாடகை மட்டும் அசையாமல் நின்றது. வருமானம் இல்லாத கட்டடத்துக்கு ஓடு மாற்ற எந்த உரிமையாளர் பணம் போடுவார்? கூரை ஒழுகியது, மரப்படிகள் இற்றுப் போயின. 1997ஆம் ஆண்டு அச்சட்டம் நீக்கப்பட்டு, இடைக்கால ஏற்பாடு 1999ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை பல மடங்கு ஏறியது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்களும் சிறு வணிகர்களும் கைத்தொழில் செய்தோரும் வெளியேறினார்கள். 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுடைமை இடமாக அறிவித்தபோது, அந்த மரபுக்கு உயிர் கொடுத்த மக்களில் பலர் ஏற்கெனவே அங்கே இல்லை.

இதை நேரில் கண்ட தலைமுறையினர், அரசாங்கம் வாடகையில் கைவைத்தாலே இழப்பு என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் அது வேறு, இது வேறு. அன்றைய சட்டம் வாடகைத் தொகையை முடக்கியது. இப்போது பேசப்படும் சட்டத்தின் மையம் ஒப்பந்தம், வைப்புத்தொகை, தகராறு ஆகியவை. ஒரே மாதிரியான ஒப்பந்தப் படிவம், வைப்புத்தொகைக்குப் பாதுகாப்பு, தகராறுகளை விரைந்து தீர்க்க ஒரு நடுவர் மன்றம் என்பவை வெளிவந்த யோசனைகளில் முதன்மையானவை. மீண்டும் வாடகையை முடக்கும் பிரிவு ஏதேனும் உள்ளே நுழைந்தால், அதை எதிர்ப்போரில் நானும் ஒருவனாக இருப்பேன்.

நடுவர் மன்றம் என்பது நமக்குப் புதியதன்று. வீடு வாங்குவோருக்கும் மேம்பாட்டாளருக்கும் இடையிலான வழக்குகளைத் தீர்க்க 2002ஆம் ஆண்டு முதல் ஒரு மன்றம் இயங்கி வருகிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தையும் நாம் அறிவோம். 5 ரிங்கிட் கட்டணம் கட்டி, வழக்கறிஞர் இல்லாமல், நாமே படிவத்தை நிரப்பி முறையிடலாம். இயன்றவரை 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள முறை. ஆனால் வாடகை பாக்கியோடு ஓர் உரிமையாளர் அந்தக் கதவைத் தட்ட முடியாது. அது பயனீட்டாளருக்கான மன்றம்; நிலத்தை மீட்கும் வழக்குகளும் அதன் எல்லைக்குள் வாரா. சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தத்தில் எழும் பணத் தகராறுகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கிறது. 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம். அங்கும் வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. பாலத்தைக் கடந்தால் கிடைக்கும் எளிய வழி பாலத்துக்கு இப்புறம் ஏன் கூடாது?

நம் மன்றத்துக்குக் கூடுதலாக ஓர் அதிகாரம் வேண்டும் என்பேன். பணத்துக்குத் தீர்ப்புச் சொல்வதோடு, பாக்கி வைத்தவர் இன்ன நாளுக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிடவும் அதற்கு உரிமை வேண்டும். அது இல்லையென்றால் உரிமையாளர் மன்றத்தில் வென்று, அதே தாளோடு நீதிமன்ற வரிசையில் மீண்டும் நிற்பார்.

வைப்புத்தொகையைப் பற்றிச் சுருக்கமாக. அதை உரிமையாளர் கையில் விடாமல் அரசின் பொறுப்பில் வைக்கும் யோசனை பலருக்குக் கசக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதுவே நடைமுறை. இங்கிலாந்திலும் 2007ஆம் ஆண்டு முதல் அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டம் ஒன்றின் கீழ் வைப்புத்தொகை வர வேண்டும். வீட்டைக் காலி செய்யும் நாளில் "சுவரில் ஆணி அடித்தீர்கள், சாயம் பூச வேண்டும்" என்று சொல்லி முழுத்தொகையையும் விழுங்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை ஏற்கலாம். ஆனால் நியூ சவுத் வேல்ஸில் நான்கு வார வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்கக் கூடாது. அந்த உச்சவரம்பை இங்கே அப்படியே கொண்டுவந்தால் சிறு உரிமையாளர் நொடித்துப் போவார். நம் இரண்டு மாத வழக்கம் நீடிக்க வேண்டும்.

இனி, பலர் பேசத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

நம் நாட்டில் வாடகை விளம்பரங்களில் இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று வெளிப்படையாக எழுதும் வழக்கம் உண்டு. "இந்தியர் வேண்டாம்" என்ற சொற்களை இணையத்தில் காணாத இந்தியர் அரிது. என்னோடு பணியாற்றிய இளம் ஆசிரியை ஒருவர், மாற்றல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மாலையில் ஒன்பது வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்தார். பெயரைக் கேட்டதும் நான்கு வீடுகள் "போய்விட்டன". அடுத்த வாரமும் அவற்றின் விளம்பரங்கள் அப்படியே இருந்தன. மாதச் சம்பளம் தவறாமல் வரும் அரசு ஊழியர் அவர். எந்த வாடகை பாக்கியும் வைத்தவர் அல்லர்.

இதற்குச் சட்டத்தில் தீர்வு உண்டா? கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி சமத்துவத்தைப் பேசுகிறது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமே தவிர, தனிமனிதர் தம் வீட்டை யாருக்கு விடுகிறார் என்பதைத் தொடாது. பிரிட்டனும் அமெரிக்காவும் 1968ஆம் ஆண்டிலேயே வீட்டு வாடகையில் இனப்பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்தன. நம் நாட்டில் அத்தகைய தடையைப் புதிய வாடகைச் சட்டத்தில் சேர்க்கும் பேச்சு எழுந்தபோது, "என் வீடு, என் விருப்பம்" என்று எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன.

அக்குரல்களில் நம்மவர் குரலும் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். "நம்மவருக்குக் கொடுத்தால் வாடகை வாங்க முடியாது" என்று சொல்லும் தமிழ் உரிமையாளர்களை நான் எண்ணிக்கையில்லாமல் சந்தித்திருக்கிறேன். வங்காளதேசத் தொழிலாளிக்கும் ஆப்பிரிக்க மாணவனுக்கும் கதவைச் சாத்துவதிலும் நாம் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். நம் பாட்டன் பாட்டிமார் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள். வேலை இருக்கும்வரைதான் வீடு. தோட்டம் கைமாறினால் வேலையோடு கூரையும் போனது. நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அவ்வீட்டின் மீது எவ்வித உரிமையும் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உரிமையாளராகி, முகத்தைப் பார்த்து வீடு இல்லை என்கிறார்கள்.

ஆயினும் வெறும் கண்டனத்தால் இது மாறாது. உரிமையாளர் ஏன் இனத்தைப் பார்க்கிறார்? வெறுப்பு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலோரிடம் நான் கண்டது அச்சம். தவறான ஒருவரை உள்ளே விட்டுவிட்டால் வெளியேற்ற மாதக்கணக்கில் ஆகும் என்ற அச்சம். அந்த இழப்பைத் தவிர்க்க அவரிடம் வேறு அளவுகோல் இல்லை. சம்பளச் சீட்டைப் பார்க்கலாம். முந்தைய வீட்டு உரிமையாளரை விசாரிக்கலாம். அதற்கெல்லாம் மெனக்கெடாமல், தோலின் நிறத்தையும் பெயரையும் வைத்து முடிவெடுப்பது எளிது. நீதி தாமதமாகக் கிடைக்கும் இடத்தில் பாகுபாடு மலிவான காப்புறுதியாகிவிடுகிறது.

எனவேதான் இரண்டு பகுதிகளும் பிரியக் கூடாது என்கிறேன். விரைந்து முடிவு சொல்லும் நடுவர் மன்றமும், இனப்பாகுபாட்டுக்கான தடையும் ஒரே சட்டத்தில் வர வேண்டும். மன்றம் இல்லாமல் தடை மட்டும் வந்தால், "இந்தியர் வேண்டாம்" என்ற வரி விளம்பரத்திலிருந்து மறைந்து உரிமையாளரின் மனத்துக்குள் போய்விடும். தொலைபேசியில் "வீடு போய்விட்டது" என்ற பொய் மட்டும் மிஞ்சும். தடை இல்லாமல் மன்றம் மட்டும் வந்தால், அந்த ஆசிரியைக்கு என்ன பயன்? உரிமையாளருக்குப் பாதுகாப்பைத் தரும் அதே சட்டம், அவர் சொல்லி வந்த சாக்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொலைபேசி மறுப்பை மெய்ப்பிப்பது கடினம் என்பார்கள். உண்மைதான். ஆனால் விளம்பர வாசகத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, அது கண்முன்னே இருக்கிறது. பதிவு பெற்ற சொத்து முகவர்களுக்கு ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. இனம் குறித்த நிபந்தனையோடு விளம்பரம் செய்யும் முகவர் மீதும், அதை வெளியிடும் தளத்தின் மீதும் நடவடிக்கை எடுப்பதிலிருந்து தொடங்கலாம்.

இறுதியாக, ஆசிரியன் என்ற முறையில் ஒரு கோரிக்கை. வாடகை வீட்டிலிருந்து வெளியேறும் குடும்பத்தோடு பிள்ளையும் வெளியேறுகிறான். தேசியப்பள்ளி மாணவன் என்றால் பெரும்பாலும் அடுத்த தாமானிலேயே ஒரு பள்ளி கிடைத்துவிடும். தமிழ்ப்பள்ளிகள் நாடு முழுவதும் 520க்குச் சற்று மேல்தான்; கிடைத்த புதிய வீட்டுக்கு அருகில் ஒன்று இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பள்ளிப் பேருந்துக் கட்டணம் இரண்டு மடங்கானதும் பெற்றோர் பள்ளியை மாற்றிவிடுகிறார்கள். 150 மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகளில் இப்படி மூன்று குடும்பங்கள் போனால், ஒரு வகுப்பே பாதியாகிவிடும்.

ஆகவே, வாடகையை ஒழுங்காகச் செலுத்தி வரும் குடும்பத்தில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால், ஒப்பந்தம் முடியும் நாள் பள்ளித் தவணையின் நடுவில் விழுமானால், அத்தவணை முடியும்வரை அதே வாடகையில் தங்க அவர்களுக்கு உரிமை வேண்டும். பாக்கி வைத்தவர்களுக்கு இது பொருந்தாது. வீட்டைச் சேதப்படுத்தியவர்களுக்கும் பொருந்தாது. உரிமையாளருக்கு இதனால் வாடகை இழப்பு இல்லை. சில வாரங்கள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அமைச்சு அடுத்த முறை பொதுமக்களின் கருத்தைக் கேட்கும்போது, இக்கோரிக்கையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் பெயரில் தேசிய மொழியில் எழுதி அனுப்பலாம். ஒரு பக்கம் போதும். எங்கள் பள்ளியின் சங்கக் கூட்டத்தில் முன்வைக்க ஒரு படி தயார் செய்து வைத்திருக்கிறேன்.